தீர்த்தத்தைக் கொதிக்கவைக்கலாமா?

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தப் பேச்சை நேற்று இரவு வெகுநேரம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். கைக்குழந்தை தூங்கினால் மூத்தவள் எழுந்துவிடுவாள், மூத்தவள் தூங்கினால் கைக்குழந்தை எழுந்துவிடுவான். இருவரும் ஒன்றாகக் கண் மூடியபோது ஊரே உறங்கிப் போயிருந்தது. ஆகவே எங்கேனும் வரி தடுமாறினால், அதை அறிவின் தடுமாற்றம் என்று எண்ணாமல் தூக்கத்தின் தடுமாற்றம் என்று எண்ணிப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஓம் சுவஸ்தியஸ்து.

இந்த மன்றத்துக்குத் தலைமை தாங்கி, தலையில் வெள்ளைத் தலைப்பாகை தாங்கி, நம் பஞ்சார் என்னும் ஊர்ச் சங்கத்தின் பாரத்தையெல்லாம் தோளில் தாங்கி, இவள் என்ன பேசப்போகிறாளோ என்ற கலக்கத்தையும் நெஞ்சில் தாங்கி வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் பாக் லுக்ரா அவர்களே. தூயது தீர்த்தம், தீர்த்தமே தூயது என்று முழங்குகிற சிவநெறிச் சிங்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பாக் ரெந்தா அவர்களே. தூயது மனம், மனமே தூயது என்று எதிர்முழக்கம் செய்கிற புத்தநெறி வேங்கை, அரிசி ஆலை பாக் டாஸ்னா அவர்களே. சிங்கமும் வேங்கையும் கர்ஜித்து முடித்தால்தான் வாசிக்கக் கிடைக்கும் என்று கோலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற மேளக்காரத் தம்பிகளே. அடுத்த வாரத் திருவிழாவுக்காகத் தென்னங்குருத்துப் பின்னிப் பின்னி விரல்நுனி வெடித்துப்போன தாய்மார்களே. முன்வரிசையில் அமர்ந்து என்னை மட்டும் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற என் மாமியாரே. தூணோரம் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இவ்வளவு நேரம் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டிருக்க முடியுமா என்று வியந்துகொண்டிருக்கிற என் கணவரே. உங்கள் அனைவருக்கும் மென் ரஸ்மினியின் வணக்கம்.

டென்பசாரில் கல்லூரியில் படித்தபோது எனக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ரஸ்மினி பிறந்த பிறகு நான் மென் ரஸ்மினி, ரஸ்மினியின் அம்மா. அதில் எனக்குக் குறையில்லை. இன்று நான் பேசப்போவதும் அந்தப் பெயரின் உரிமையில்தான்.

என்னைப் பேச அழைத்தவர் தலைவர் அவர்கள். வீட்டுக்கே வந்து அழைத்தார். "நீ காலேஜ்ல வடமொழி படிச்ச பொண்ணு. தீர்த்தம்ங்கிற சொல்லுக்குச் சிவ வழியில என்ன பொருள், புத்த வழியில என்ன பொருள்னு இனிப்பா நாலு வார்த்தை பேசு. சனம் கேட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போகணும். கிருமியைப் பத்திப் பேசாதே. பன்றியைப் பத்தியும் பேசாதே" என்றார்.

"சரிங்க பாக், கிருமியைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றேன்.

பன்றியைப் பற்றி நான் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. தலைவர் அதைக் கவனிக்கவில்லை.

ஆகட்டும், பொருளுக்கு வருவோம். தீர்த்தம் என்றால் என்ன? தண்ணீர் என்கிறீர்கள். அந்த வடசொல் பிறந்தபோது அதற்குள் தண்ணீர் இல்லை. கடத்தல் என்ற வேரில் முளைத்த சொல் அது. தீர்த்தம் என்றால் துறை. ஆழமான ஆற்றில் ஆழமில்லாத இடம். இக்கரையில் நிற்பவர் அஞ்சாமல் இறங்கி அக்கரை சேரும் இடம். மாடு கடந்த இடம், மனிதர் கடந்த இடம், முன்னே போனவர் மூழ்கவில்லை என்று கண்டு பின்னே வருபவர் காலை வைக்கிற இடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இங்கே வருவேன்.

சிவநெறி அந்தத் துறைக்குப் படிக்கட்டுக் கட்டியது. படிக்கட்டுக்கு மேலே கோயில் கட்டியது. துறை தீர்த்தமாயிற்று, துறையில் ஓடிய நீர் தீர்த்தமாயிற்று, நீரைத் தந்த குரு தீர்த்தமானார், குருவைக் காட்டிய தாயும் தந்தையும் தீர்த்தமானார்கள். அதோடு விட்டார்களா? இந்த உள்ளங்கையைக் கூறு போட்டார்கள். விரல்நுனி தேவர்களின் தீர்த்தம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே முன்னோரின் தீர்த்தம். கட்டைவிரலின் அடியில் படைத்தவனின் தீர்த்தம். ஒரு கையில் எத்தனை தீர்த்தம் பார்த்தீர்களா? இத்தனை தீர்த்தம் குடியிருக்கிற கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று சொன்னால் மட்டும் நமக்குக் கோபம் வந்துவிடுகிறது.

சிரிக்கிறீர்கள். நல்லது. பாக் ரெந்தா சிரிக்கவில்லை. அதுவும் நல்லது, தலைமையாசிரியர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

புத்தநெறி அதே துறையில் வந்து நின்றது. நின்று வேறொரு கேள்வி கேட்டது. துறையிலேயே குளித்துக்கொண்டிருந்தால் கடப்பது எப்போது? நாள் முழுவதும் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுகிறவர் பாவம் கரைந்துவிட்டதா, வலைதான் இலேசாகிவிட்டதா? கழுவ வேண்டியது மனத்தை, கடக்க வேண்டியது ஆசையை என்றது. பழைய புத்த ஏடுகளில் தீர்த்தக்காரர் என்று ஒருவரைச் சொன்னால், அவர் வேறு துறையில் இறங்கியவர், நம் கொள்கைக்கு ஆகாதவர் என்று பொருள். சொல் ஒன்றுதான். ஒரு வீட்டில் கும்பிடு, மறு வீட்டில் வசவு.

அந்தக் கும்பிடையும் வசவையும் ஒரே சொம்பில் ஊற்றி, ஒரே பூவைப் போட்டு, ஒரே சனத்தின் தலையில் தெளிக்கிற தீவு நம்முடையது. பூசை செய்யும் சிவப் பெரியவர் மணியடித்து ஆக்குவதும் தீர்த்தம். புத்தப் பெரியவர் மணியோடு வச்சிரமும் ஏந்தி ஆக்குவதும் தீர்த்தம். நான் பிறந்தது புத்தப் பெரியவரின் சீடர் வீட்டில், வாழ வந்தது சிவப் பெரியவரின் சீடர் வீட்டில். ஆகவே இரண்டு பக்கத்துக் கும்பிடும் எனக்குத் தெரியும், இரண்டு பக்கத்து வசவும் எனக்குப் பழக்கம்.

இனி, சென்ற திருவிழாவின் கதை. அன்று இதே மன்றத்தில் எழுந்த மாபெரும் கேள்வி, எவருடைய தீர்த்தத்தை முதலில் தெளிப்பது என்பது.

"சிவன்தான் மூத்தவர். மூத்தவருக்குத்தான் முதல் மரியாதை" என்றார் பாக் ரெந்தா.

"புத்தர் தம்பி. எங்க வீட்ல தம்பிக்குத்தான் முதல் கவளம்" என்றார் பாக் டாஸ்னா.

"உங்க வீட்டுத் தம்பிக்கு வாய் பெரிசு. அதான் குடுத்து அடக்கியிருப்பாங்க."

"எங்க தம்பி வாயைப் பத்திப் பேசாதீங்க சார். உங்க அண்ணன் காதைப் பத்தி நான் பேசினேனா?"

வெயில் ஏறியது, பூ வாடியது, குழந்தைகள் அழுதன. அப்போதுதான் நம் தலைவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றுங்கள் என்றார். பல நூற்றாண்டாகப் பல தேசத்துப் பண்டிதர்கள் கூடிப் பேசியும் சேர்க்க முடியாத இரண்டு நெறிகளை ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் வாளி சேர்த்து வைத்தது. கைதட்டினோம். நானும் தட்டினேன். ஆனால் பெரியவர்கள் ஆக்கித் தந்தது ஆளுக்கொரு சொம்பு, சனமோ கோயில் கொள்ளாத சனம். ஆகவே நீர்க்குழுத் தம்பிகள் கீழே இறங்கி, கோயில் ஊற்றிலிருந்து குடம் குடமாக மொண்டு வந்து, வாளியை நிரப்பி நிரப்பித் தீர்த்தத்தை வளர்த்தார்கள்.

என் மகள் ரஸ்மினி இரண்டு கையையும் குவித்து வாங்கினாள். முறைப்படி மூன்று வாய் குடித்தாள். நாலாவது வாய்க்கும் கையை நீட்டினாள். "சாமிகிட்ட பேராசைப்படக் கூடாது கண்ணு" என்று நான்தான் கையை இறக்கினேன்.

மறுநாள் அவள் வயிறு நிற்கவில்லை. அதற்கு மறுநாள் அவள் கண்ணே நிற்கவில்லை, மேலே மேலே செருகியது. உங்கள் வீட்டிலும் சில பிள்ளைகள் அந்த வாரம் படுத்தன. உங்களுக்கும் தெரியும். சுகாதார நிலையத்தில் அவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் தேடித் தேடிக் குத்தினார்கள். உள்ளே தேவரும் முன்னோரும் குடியிருக்கிற அதே சின்னக் கையின் மேல்பக்கத்தில் ஊசி.

"என்ன தண்ணி குடுத்தீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"தீர்த்தம்" என்றேன்.

அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு கும்பிடு போட்டாள். "அக்கா, வேற தண்ணி ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

ரஸ்மினி பிழைத்தாள். அதோ, மேளத்துக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுகிறவள் அவள்தான். பிழைத்த பிறகு நான் விளக்கம் கேட்கப் போனேன். கல்லூரிப் படிப்பு அல்லவா, காரணம் தெரியாவிட்டால் சோறு இறங்காது.

முதலில் பாக் ரெந்தாவிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "தீர்த்தம்னா அசுத்தத்தை நீக்குறது. அசுத்தத்தை நீக்குற ஒண்ணு எப்படிம்மா அசுத்தமாகும்? குழந்தைக்கு ஐஸ் வாங்கிக் குடுத்திருப்ப."

பிறகு பாக் டாஸ்னாவிடம் போனேன். அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "தண்ணியில ஒண்ணுமில்லம்மா. எல்லாம் மனசு. மனசு சுத்தமா இருந்தா எந்தத் தண்ணியும் ஒண்ணும் பண்ணாது. அன்னிக்கு யார் மனசுல என்ன இருந்துச்சோ." இதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

சபையோரே, இரண்டு நெறியின் பொருளும் எனக்கு அன்று விளங்கியது. சிவ வழியில் தண்ணீர் சுத்தம். புத்த வழியில் தண்ணீரில் குற்றமில்லை. ஆக, எந்த வழியில் போனாலும் அசுத்தம் நான்தான்.

எப்போதும் ஒத்துப்போகாத இருவரும் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். நாட்டு ஒற்றுமைக்கு என்னால் ஆன சிறு உதவி.

அதன்பின் நான் ஊற்றுக்குப் போனேன். ஊற்றிலிருந்து மேலே, மலைப்பக்கமாக, ஈரம் போகிற வழியிலேயே நடந்தேன். தலைவர் மேசையைத் தட்டுகிறார். தலைப்புக்கு வா என்கிறார். தலைப்பில்தான் நிற்கிறேன் பாக். தீர்த்தம் என்றால் கடக்கிற இடம். எது கடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

நம்முடைய விதி என்ன? கோயில் மலைப்பக்கம், கொட்டில் கடல்பக்கம். சாமி மேலே, பன்றி கீழே. நம் வீட்டு மனைகள் எல்லாவற்றிலும் இந்த ஒழுங்குதான். நம் தலைவர் புதிதாகக் கட்டிய மனையிலும் அதே ஒழுங்கு. யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. நூல் பிடித்ததுபோல் மனையின் கடல்பக்க மூலையில் கொட்டில் கட்டியிருக்கிறார். குறையில்லை, பிழையில்லை, கோணலில்லை. அவருடைய மனை மட்டும் ஊற்றுக்கு மேலே இருக்கிறது. அவருடைய கடல்பக்கம் எங்கே முடிகிறதோ, அங்கேதான் நம் சாமியின் மலைப்பக்கம் தொடங்குகிறது.

விதி நிற்கிறது. மழை பெய்தால் கொட்டில் ஓடுகிறது.

என் கணவர் ஒரு முறை வீட்டுச் சடங்குக்காகக் கோயில் தீர்த்தம் வாங்கி வந்தார். பிளாஸ்டிக் பையில் ரப்பர் போட்டுக் கட்டிய தீர்த்தம். அது இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது அல்லவா? ஒரு கையில் ஸ்கூட்டர், மறு கையில் தலைக்கு மேலே பை. நேர் வழியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். துணிக்கொடிக்குக் கீழே தீர்த்தம் போகலாமா? போகக் கூடாது. ஆகவே ஊரைச் சுற்றி, வயலைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, கை மரத்துப்போய் வந்து சேர்ந்தார். என்ன பக்தி, என்ன பணிவு. சபையோரே, துவைத்துக் காயப்போட்ட பாவாடைக்குக் கீழே போகக் கூடாது என்று ஊரைச் சுற்றுகிறோம். அந்த நீரை மொண்டு எடுத்ததே பன்றிக்கொட்டிலுக்குக் கீழே.

பின்வரிசையில் ஒரு அண்ணன் கேட்கிறார், "திருவிழாவுக்குப் பன்றிக்கறி லாவார் வேண்டாமா?" வேண்டும் அண்ணே. எனக்கும் லாவார் பிடிக்கும். கறியாக வரட்டும், இலையில் வரட்டும். வாளியில் வர வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நான் கொட்டிலை இடிக்கச் சொல்லவில்லை. சங்கத்தில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஊற்றிலிருந்து மொள்ளுகிற பொது நீரை, பெரியவர்களிடம் கொண்டுபோகும் முன்பும் வாளியில் ஊற்றும் முன்பும், ஒரு கொதி கொதிக்கவைத்து ஆறவைக்கலாமா?

இந்தக் கேள்வியைச் சங்கம் மாதக்கணக்காக ஆராய்ந்து வருகிறது. ஆராய்ச்சியின் சாரத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைக்கப் பாத்திரம் வேண்டும். சமைத்த பாத்திரம் ஆகாது, எச்சில் பட்டிருக்கும். ஆகவே புதுச்சட்டி வேண்டும். புதுச்சட்டியை அப்படியே சாமி காரியத்துக்கு எடுக்கக் கூடாது, முதலில் தூய்மை செய்ய வேண்டும். எதனால் தூய்மை செய்வது? தீர்த்தத்தால். எந்தத் தீர்த்தத்தால்? கொதிக்கவைத்த தீர்த்தம் இன்னும் இல்லை, ஆகவே கொதிக்காத தீர்த்தத்தால். கொதிக்காத தீர்த்தம் பட்ட சட்டியில் கொதிக்கவைப்பதற்குக் கொதிக்காமலே இருக்கலாமே என்றார் ஒருவர். கூட்டம் காப்பிக்காகக் கலைந்தது. அந்தக் காப்பிக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள். அதற்கு யாரும் தீர்மானம் போடவில்லை.

பெரியவர்களையே கேட்டுவிடுவோம் என்று போனேன். சிவப் பெரியவர் சொன்னார், "தண்ணி கொண்டாறது உங்க வேலை. அதைத் தீர்த்தமாக்குறது என் வேலை. நல்ல தண்ணியா கொண்டாங்க. காய்ச்சி எடுத்து வந்தா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்." புத்தப் பெரியவரிடம் போனேன். அவர் சிரித்தார். "சிவ வீட்டு அண்ணா நேத்து வந்தார். இதே கேள்வியைத்தான் நீ அங்கயும் கேட்டியாமே. ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். இது உங்க சங்கம் முடிவு பண்ற விஷயம்மா" என்றார்.

சங்கத்துக்குத் திரும்பி வந்து சொன்னேன். தலைவர் மகிழ்ந்தார். "பெரியவங்களே நம்மள முடிவு பண்ணச் சொல்லிட்டாங்க. முடிவு பண்றதுக்கு நல்ல நாள் பாக்கணும்" என்றார்.

இப்போது என் அவசரத்தைச் சொல்கிறேன். தூணோரம் என் கணவர் தோளில் இருக்கிறானே, அவனுக்கு நாளை மறுநாள் காலை மூன்றாம் மாதச் சடங்கு. இன்றுவரை அவன் கால் மண்ணில் படவில்லை. சாமியைத் தூக்குவதுபோல் தூக்கியே வைத்திருக்கிறோம். அன்றுதான் மண்ணை மிதிப்பான், அன்றுதான் பெயர் பெறுவான், அன்றுதான் முதல் முதலாக அவன் வாயில் தீர்த்தம் விடுவோம். என் பால் தவிர வேறெதுவும் படாத வாய் அது. பொதுத் தீர்த்தம் சேராமல் சடங்கு செல்லாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. வேண்டாம் என்று நான் சொன்னால் வீட்டை ஊர் விலக்கி வைக்கும். விலக்கி வைத்தால் என் மாமியார் போய்ச் சேர்ந்தாலும் சுடுகாட்டில் இடம் கிடைக்காது. ஒரு உதாரணத்துக்குத்தான் சொன்னேன் அத்தை, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, வேண்டும் என்றும் சொல்ல முடியாது. இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கிறேன். துறை எங்கே?

தலைவர் நேரத்தைக் காட்டுகிறார். தாய்மார்கள், "அவ பேசட்டும்" என்கிறார்கள். நன்றி அக்கா. இன்னும் ஒரு சின்னக் கதை, முடித்துவிடுகிறேன்.

நேற்று மாலை, நான் மட்டுமாவது முறையாகச் செய்வோம் என்று, புதுச்சட்டி இரவல் வாங்கப் புறப்பட்டேன். முதல் வீட்டில் என் தோழி, "என்கிட்ட ஏதுடி புதுச்சட்டி?" என்றாள். அவள் அடுப்படியில் ஒரு மண்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. "அது என்னடி?" என்றேன். "அது கோழிக்கு" என்றாள். அவள் கோழி வளர்ப்பதில்லை. அடுத்த வீட்டில் சட்டி பரண்மேல் இருந்தது. "மேல ஒழுகுது, அதுக்கு வெச்சிருக்கேன்" என்றார்கள். அது போன மாதம்தான் ஓடு மாற்றிய வீடு. இன்னொரு வீட்டில் சட்டி அடுப்பிலேயே இருந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா சமையல்?"

"சூப்பு."

அந்தச் சூப்பில் மீனுமில்லை, மிளகாயுமில்லை. பக்கத்தில் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோகிற வெள்ளைத் துணியும் பூவும் இருந்தன. அது யார் வீடு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே தாய்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்கள் தயவுசெய்து திரும்பிப் பார்க்க வேண்டாம், மேடையைப் பார்த்தபடி இருங்கள். வீட்டுச் சடங்குக்காகப் பெரியவர்களிடம் கொண்டுபோகிற நீரை, யாருக்கும் தெரியாமல் காய்ச்சி ஆறவைத்து எடுத்துப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள். முதல் கை என்னுடையது.

என் தோழி தூக்கிவிட்டாள். கோழிக்காரி. பக்கத்தில் ஓடு மாற்றிய வீட்டம்மா. பின்னால் இன்னொருவர். நர்ஸ் தங்கை, நீயும் வந்திருக்கிறாயா, தூக்கு தூக்கு. அந்தப் பக்கம் முழுவரிசையும் தூக்கியிருக்கிறது. ஆண்களே, பார்க்காதீர்கள் என்றேன், பார்த்துவிட்டீர்கள். சரி, பாருங்கள்.

அத்தை. அத்தை, நீங்களுமா? எப்போதிலிருந்து?

என் மாமியார் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "உன் புருஷன் பிறந்ததுலேருந்து" என்கிறார். இத்தனை காலம் ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் காய்ச்சியிருக்கிறோம்.

மூன்றாம் தூணருகே இன்னொரு கை. மென் வீஸ்தி அக்கா, வேண்டாம், இறக்கிவிடுங்கள். நீங்கள் தலைவரோடு ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவர். இறக்க மாட்டாராம். ஏதோ சொல்கிறார், அமைதி, கொஞ்சம் அமைதி.

"அந்தப் பன்றிங்களுக்குக் கஞ்சி ஊத்துறது யாரு? நான். கொட்டிலைக் கழுவி விடுறது யாரு? நான். அது எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? அதான் சூப்பு வெச்சேன்."

கைகளை இறக்கலாம் தாய்மார்களே. வலிக்கும்.

பாக் லுக்ரா, நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். நீங்கள் விதியை மீறவில்லை. யாருமே விதியை மீறவில்லை, அதுதான் இந்தக் கதையின் வேதனை. பாக் ரெந்தா சொன்ன பொருளும் சரி, பாக் டாஸ்னா சொன்ன பொருளும் சரி. சங்கத்தால் தீர்க்க முடியாத கேள்வியை அடுப்படி எப்போதோ தீர்த்து வைத்துவிட்டது. அதை வெளியே சொல்லத்தான் அடுப்படிக்கு மேடையில்லை. இன்று இந்த ஊரில் கொதிக்காத தண்ணீர் ஒன்றே ஒன்றுதான். அது எல்லோருக்கும் பொதுவான தண்ணீர். தனித்தனியே ஒளிந்து ஒளிந்து காய்ச்சி, தன் பிள்ளையைக் காப்பாற்றுகிறோம். ஒன்றுகூடிக் கைகோத்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பச்சையாக ஊற்றுகிறோம்.

பேச்சின் தொடக்கத்தில் ஒரு பொருளை நினைவில் வைக்கச் சொன்னேன். சிவன் வீட்டுக்கும் புத்தர் வீட்டுக்கும் முந்திய பொருள். முன்னே போனவர் மூழ்கவில்லை என்று கண்டு பின்னே வருபவர் காலை வைக்கிற இடம் தீர்த்தம். என் வீட்டில் முன்னே போனவள் ரஸ்மினி. நம் தீர்த்தத்தில் அவள்தான் முதலில் இறங்கினாள். கழுத்துவரை மூழ்கி, கண் செருகி, ஊசி முனையைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். இப்போது அதே இடத்தில் நின்றுகொண்டு, அவள் தம்பியின் காலை இறக்கு என்கிறீர்கள். எந்தத் தாய் இறக்குவாள்? எந்தப் பொருளைச் சொல்லி இறக்கச் சொல்வீர்கள்? குழந்தைகள் பத்திரமாகக் கடந்து போகிற இடம் தீர்த்தம். கடக்க முடியாத இடத்துக்கு எந்த மொழியிலும் அந்தப் பெயர் கிடையாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். கொட்டிலை எங்கே மாற்றுவது என்பதற்கு நல்ல நாள் பாருங்கள், நல்ல நேரம் பாருங்கள், நான் காத்திருக்கிறேன். தண்ணீருக்கு நாள் பார்க்க என்னிடம் நாள் இல்லை. நாளை மாலை நீர்க்குழுத் தம்பிகள் ஊற்றிலிருந்து மொள்ளும் குடம், கோயிலுக்குப் போகும் முன் எங்கள் அடுப்படி வழியாகப் போகட்டும். சட்டி எங்களிடம் இருக்கிறது. எல்லா வீட்டிலும் இருக்கிறது, இப்போது உங்களுக்கே தெரியும். பயன்பட்டுப் பயன்பட்டு அவை தூய்மையாகிப் பல காலம் ஆகிறது.

பொறுமையோடு கேட்ட தலைவர் அவர்களுக்கும், சிங்கத்துக்கும் வேங்கைக்கும், கை தூக்கிய தாய்மார்களுக்கும், தூக்க நினைத்து மடியிலேயே வைத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், கோல் பிடித்த கை ஓய்ந்துபோன மேளக்காரத் தம்பிகளுக்கும், குழந்தையை ஒரு முறைகூட என்னிடம் நீட்டாமல் வைத்திருந்த என் கணவருக்கும் நன்றி. சிவ வழியார்க்கு ஓம் சாந்தி சாந்தி சாந்தி ஓம். புத்த வழியார்க்கு நமோ புத்தாய. இரண்டு வழியிலும் நடக்கப் பழகும் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுள்.

நாளை மறுநாள் காலையில் அவன் வாய் திறப்பான். கொதிக்கவைக்கலாமா, கூடாதா? தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.